ஒரே மது, இரு உடல்கள்

மனித உடலினுள் குடியிருக்கும் பற்றீரியாக்கள் எத்தனை? இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2016ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு ஒரு விடை கூறினர். ஓர் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் உள்ளன என்றும், அவ்வுடலின் சொந்த உயிர்க்கலங்கள் சுமார் 30 இலட்சம் கோடியே என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். அத்தனை பற்றீரியாக்களையும் ஒருங்கு திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவே தேறும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலிலேயே வாழ்கின்றன. இக்கணக்குக்கு அளவுகோலாக எடுத்துக் கொள்ளப்பட்டது இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதுடைய, 70 கிலோ நிறையுள்ள ஓர் ஆடவனின் உடலாகும்.

அளவுகோல் ஆடவனே என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம். நாம் சொல்லப்போகும் விஷயத்தில் அந்த ஆடவன் மேலும் சில இடங்களில் தலைகாட்டுவான்.

எச்.ஐ.வி. என்னும் வைரசைத் தம் உடலிற் கொண்டு வாழ்வோர் அளவிறந்து மது அருந்துவாராயின், அவர்தம் குடலில் வாழும் பற்றீரியாக் கூட்டம் எவ்வாறு மாறுகின்றது? அம்மாற்றம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா, வேறா? வைத்திய ஆராய்ச்சியாளர் அண்மைக் காலத்தில் எழுப்பியுள்ள வினா இது. குடும்பத்தார் எல்லாரும் படிக்கும் பக்கத்தில் குடியையும் எயிட்ஸ் நோயையும் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் முகஞ் சுளிக்கலாம். உலகில் இவ்வைரசுடன் வாழ்வோருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களும் சிறுமியருமே என்பதை அறிந்தபின், பேசுவதே தகும் என்பது நம் துணிபு.

குடலுக்குள் ஓர் ஊர்

குடலில் நுண்ணுயிர்கள் உண்டென்பது புதிய செய்தியன்று. ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரிற் சீலை வியாபாரியாயிருந்த அன்ரனி வான் லீவன்ஹூக் என்பார், தாமே தீட்டிய கண்ணாடி வில்லையினூடே 1681இல் தம் வயிற்றோட்ட மலத்தை நோக்கி, அதனுள் நீந்தித் திரிந்த சிற்றுயிர்களைக் கண்டு வியந்து எழுதினார். (நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் இந்நகரின் பெயரே.) பின்னர், 1908இல் நோபல் பரிசு பெற்ற உருசிய விஞ்ஞானி இலியா மெச்னிக்கோவ், பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் பற்றீரியாக்களே மூப்பை விரைவிற் கொணர்கின்றன என்றும், புளித்த பாலை உண்டால் அவற்றை அடக்கலாம் என்றும் கூறினார். தயிரில்லாமற் சாப்பாடு முற்றுப்பெறாத வீட்டினர்க்கு அஃது இனிக்கும் செய்தியே. ஆயினும், குடலுயிர்கள் நம் உடல்நலத்தை ஆள்கின்றன என்ற அவர் கருத்து நிலைத்ததேயன்றி, அவற்றைப் பெரும்பாலும் பகைவராகவே கருதிய அவர் நோக்கு நிலைக்கவில்லை.

ஏனெனில், அவற்றுட் பல நம் ஊழியர். நாம் உண்ணும் கீரை, பயறு, தவிடு ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை நமது உடல் தானாகச் சமிக்கமாட்டாது. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்து பியூற்றிரேற்று முதலிய அமிலப் பொருள்களை ஆக்குகின்றன. பெருங்குடற் சுவரின் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியிற் பெரும்பங்கை அந்தப் பியூற்றிரேற்றிலிருந்தே பெறுகின்றன. ஃபீக்கலிபக்டீரியம் என்பது இவ்வூழியருட் பெயர்பெற்றது. இத்தகைய உயிர்கள் ஒட்சிசன் பட்டால் மடிந்துபோவன. ஆதலால், ஆய்வுகூடத் தட்டிலே வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு அவை நெடுங்காலம் அகப்படவில்லை. மலத்திலுள்ள பரம்பரையலகுகளை நேரே வாசித்து, இன்ன இனம் இத்தனை பங்கு உண்டு எனக் கணிக்கும் முறை வந்த பின்னரே இவ்வூரின் குடிமதிப்பு நமக்குத் தெரியலாயிற்று.

ஒற்றை வரிசை வேலி

குடலின் உட்சுவரைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். குடி, வைரசு, பால் வேற்றுமை ஆகிய மூன்றும் சந்திக்குமிடம் அதுவே.

குடலின் மடிப்புகளையும், விரல்போன்ற நுண்ணிய நீட்சிகளையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 30 சதுர மீற்றர் இடம் வேண்டும். ஒரு வீட்டின் பெரிய கூடமளவு எனலாம். இத்துணை நீண்ட எல்லையைக் காத்து நிற்பது ஒரேயொரு கல வரிசை. அடுத்தடுத்த கலங்கள் புரதத் தையல்களால் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன. வரிசைக்கு மேலே சளிப்படலம் உண்டு. கீழே உடலின் காவற்படையாகிய நிர்ப்பீடனக் கலங்கள் அணிவகுத்துள்ளன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழைய கலங்கள் உதிரப் புதியன அவ்விடத்தைப் பிடிக்கின்றன. ஓயாது பழுதுபார்த்தாலன்றி நில்லாத வேலி இது.

இவ்வேலியின்மேல் மது என்ன செய்கின்றது? குடித்த மதுசாரம் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே இரத்தத்தில் உறிஞ்சப்படுகின்றது. ஆயினும் அவ்விரத்தத்தின் வழியே அது பெருங்குடலையும் சென்றடைகின்றது. அங்குள்ள பற்றீரியாக்கள் அதனை அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. அந்நச்சு கலங்களுக்கிடையேயுள்ள தையலைத் தளர்த்துகின்றது. நெடுநாட் குடியரிற் பலருக்குக் குடியிருக்கும் உயிர்களும் மாறிவிடுகின்றன. பியூற்றிரேற்றை ஆக்குவன குறைய, வெளித்தோலில் அகநச்சு என்னும் பொருளையுடைய இனங்கள் பெருகுகின்றன. தையல் தளர்ந்த வேலியூடே கசிந்த அகநச்சு, குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் பெருநாளத்தின் வழியாக நேரே ஈரலிற் போய் விழுகின்றது. ஈரலிற் காவலிருக்கும் குப்ஃபர் கலங்கள் அதனைக் கண்டு சீறி எழுகின்றன. அச்சீற்றமே அழற்சி. குடியரின் ஈரலைக் கெடுப்பதில் மதுசாரத்தோடு இவ்வழற்சிக்கும் பங்கு உண்டு.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் வட கரோலினாச் சர்வகலாசாலையில் ரொனால்ட் தேமன் என்பாரின் குழுவினர் எலிகளுக்கு இடைவிடாது மதுசாரம் ஊட்டினர். அவற்றுட் சிலவற்றுக்குக் குடற் பற்றீரியாக்களைக் கொல்லும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். மருந்துண்ட எலிகளின் ஈரல் பெரும்பாலும் கேடின்றித் தப்பியது. 1995இல் வெளியான இம்முடிவு, ஈரல் நோயின் ஒரு வேர் குடலில் இருப்பதைத் தெளிவாகக் காட்டிற்று.

வைரசு முதலிற் பாயுமிடம்

இனி வைரசுக்கு வருவோம். எயிட்ஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதிற் கூறப்பட்டோர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆடவர் ஐவர். 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தினர் வைரசைக் கண்டனர். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்ற இருவருள் ஒருவர் பிரான்சுவாஸ் பரே-சினுசி என்னும் பெண்மணியாவார்.

இவ்வைரசு இரத்தத்தைக் கெடுக்கும் நோய் என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. இரத்தத்திலுள்ள சீ.டி.4 என்னும் காவற் கலங்களை எண்ணியே வைத்தியர்கள் நோயின் நிலையை மதித்தனர், இன்றும் மதிக்கின்றனர். ஆனால் அக்கலங்களுட் பெருந்தொகையானவை இரத்தத்தில் இல்லை, குடற்சுவரிலேயே உள்ளன. முதலிற் குரங்குகளிலும், பின்னர் 2004இல் மனிதரிலும் நடந்த ஆய்வுகள், தொற்றுண்ட சில வாரங்களுக்குள்ளேயே குடற்சுவரின் சீ.டி.4 கலங்கள் பேரளவில் அழிந்துவிடுதலை வெளிப்படுத்தின. இரத்தத்தில் அக்கலங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருக்க, குடலில் தொடக்கத்திலேயே சூறையாடல் நடந்துவிடுகின்றது. 2006இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிலையத்தார் அடுத்த படியை விளக்கினர். காவல் இழந்த குடலிலிருந்து அகநச்சு இரத்தத்திற் கசிகின்றது. அதனால் உடலின் காவற்படை இரவு பகலாக விழித்திருந்து களைத்துப்போகின்றது. வைரசு அதனைப் பயன்படுத்திக் கொள்கின்றது.

1996 முதல் வழக்கிலுள்ள கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயின் போக்கையே மாற்றிவிட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரசு காணப்படாத நிலையை அடைந்து அந்நிலையில் நிற்பவர், உடலுறவின் மூலம் அதனைப் பிறருக்குக் கொடுப்பதில்லை. அவர் முதுமை வரை வாழலாம். ஆயினும் பலருக்குக் குடலின் வேலி பழைய உறுதியை முற்றாகப் பெறுவதில்லை. அதனால் மெல்லிய அழற்சி நீடிக்கின்றது. இருதய நோயும் ஈரல் நோயும் இவர்களை முன்கூட்டியே நாடுவதற்கு அஃது ஒரு காரணமாகும்.

ஆக, வைரசு திறந்த அதே வாயிலையே மதுவும் திறக்கின்றது. இரண்டும் ஒருவரிடம் கூடியபோது நேர்வதென்ன? இதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் முன்னாட் படைவீரருக்குரிய வைத்தியசாலைகளிற் சிகிச்சை பெறுவோரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வைரசு இல்லாதவருக்கு மாதமொன்றுக்கு 70 கிண்ணமும் அதற்கு மேலும் குடித்தபோதே மரண அபாயம் ஏறக் காணப்பட்டது. வைரசு உள்ளவருக்கோ 30 கிண்ணத்திலேயே அது ஏறத் தொடங்கிற்று. (கிண்ணம் என்பது அந்நாட்டு வழக்கின்படி 14 கிராம் மதுசாரம்.) எழுபதும் முப்பதும்! நாளொன்றுக்கு ஒரு கிண்ணந்தானே என்று தம்மைத் தாமே தேற்றிக் கொள்பவர் இவ்விரண்டாம் எண்ணில் வந்து நிற்கின்றார்.

ஆனால் அவ்வாய்வில் எண்ணப்பட்டோர் யார்? ஆடவர் மட்டுமே.

அளவுகோலுக்கு அகப்படாதவள்

பெண்ணுடல் மதுவை ஏற்கும் விதம் வேறென்பதை விஞ்ஞானம் அறியாமலில்லை. ஆணுடலில் ஏறக்குறைய அறுபது பங்கு நீர். பெண்ணுடலிலோ ஐம்பது பங்கு. மதுசாரம் நீரிற் கரைந்து பரவுவது. ஆதலின் ஒரே நிறையுடைய இருவர் ஒரே அளவு அருந்தினாலும் பெண்ணின் இரத்தத்தில் அதன் செறிவு கூடுதலாக நிற்கும். 1990இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து வைத்தியர்களும் நியூயோர்க்கின் சார்ள்ஸ் லீபரும் மற்றொரு காரணத்தையும் கூறினர். மதுசாரத்தில் ஒரு பகுதி இரத்தத்தை அடையுமுன்னரே இரைப்பையிலுள்ள நொதியம் ஒன்றாற் சிதைக்கப்படுகின்றது. இவ்வாறு முன்னதாகவே சிதைவது பெண்களில், ஆண்களில் நிகழ்வதன் நூற்றுக்கு 23 பங்கே எனவும், நெடுநாட் குடிப்பழக்கமுள்ள பெண்களில் அஃது அறவே இல்லையென்னுமளவுக்குக் குறைந்துவிடுகின்றது எனவும் அவர்கள் கண்டனர். இரைப்பையின் பங்கு இவ்வளவு பெரிதோ எனப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர். எனினும் முடிவு மாறவில்லை. ஒரே கிண்ணம் பெண்ணுடலிற் பெருங்கிண்ணமாகின்றது.

குடலிலும் ஈரலிலும் நிகழ்வது இதனினும் நுட்பமானது. மேலே கூறிய வட கரோலினாக் குழுவினர் 1997இல் ஆணெலிகளையும் பெண்ணெலிகளையும் ஒப்புநோக்கினர். பெண்ணெலிகளின் ஈரல் விரைவாகவும் கடுமையாகவும் கெட்டது. அவற்றின் இரத்தத்தில் அகநச்சும் மிகுந்திருந்தது. பெண்மைக்குரிய ஈஸ்திரசன் என்னும் ஓமோன் ஈரலின் குப்ஃபர் கலங்களை அகநச்சுக்கு எளிதிற் சினமூளச் செய்கின்றது என்பதும் பின்னர்த் தெரியவந்தது. எலியில் உண்மையானதெல்லாம் மனிதரிலும் உண்மையாக வேண்டுமென்பதில்லை. ஆயினும் திசை தெரிகின்றதன்றோ?

இன்னுமொரு விந்தை. ஓமோன் குடலுயிர்களை மாற்றுகின்றது. குடலுயிர்களும் ஓமோனை மாற்றுகின்றன. ஈரல், பயன் முடிந்த ஈஸ்திரசனை ஒரு வெல்ல அமிலத்தோடு பிணைத்துப் பித்தநீர் வழியே குடலில் தள்ளிவிடுகின்றது. அங்குள்ள சில பற்றீரியாக்கள் அப்பிணைப்பை அறுத்துவிட, விடுபட்ட ஈஸ்திரசன் மறுபடியும் இரத்தத்திற் கலக்கின்றது. தள்ளிய சரக்கு வாசல்வழியே திரும்பி வருவதைப் போன்றது இது. ஆண்மை ஓமோனுக்கும் இத்தகைய உறவு உண்டு. 2013இல் கனடாவின் தொறொன்ரோ நகரில், நீரிழிவு நோய்க்கு எளிதில் ஆளாகும் ஓரின எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆணெலியின் குடலுயிர்களை இளம் பெண்ணெலிகளுக்குப் புகட்டினர். அப்பெண்ணெலிகளில் தெஸ்தோஸ்தெரோன் என்னும் ஆண்மை ஓமோன் உயர்ந்தது. அவை நீரிழிவினின்றும் காக்கப்பட்டன. குடலுக்குள் வாழும் ஊரும் ஆண், பெண் என்ற வேற்றுமையை அறியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வைரசும் அவ்வேற்றுமையை அறியும். பால்ற்றிமோர் நகரில் ஊசிமூலம் போதைப்பொருள் ஏற்றியோரிடையே நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வில், பெண்களின் இரத்தத்தில் வைரசின் அளவு ஆண்களிலுள்ளதிற் பாதியாக இருந்தபோதும், நோய் முற்றும் காலம் இருபாலார்க்கும் ஒத்திருந்தது. குறைந்த பகைவரோடும் அதே தோல்வி. 2009இல் பொஸ்டன் ஆராய்ச்சியாளர் இதற்கொரு விளக்கம் தந்தனர். வைரசைக் கண்டு அபாயமணி அடிக்கும் ஒருவகைக் கலங்கள் பெண்ணுடலில் உரத்து அடிக்கின்றன. அதனாற் பெண்ணின் காவற்படை, அதே அளவு வைரசுக்கு ஆணினும் மிகுதியாகக் கிளர்ந்தெழுகின்றது. தொடக்கத்தில் இஃது ஒரு நன்மையே. ஆண்டுகள் செல்லச்செல்ல அக்கிளர்ச்சியே உடலைத் தின்னும்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்ப்போர்க்கு, வைரசுடன் வாழ்ந்து குடிக்கும் பெண்ணின் நிலையே முதலில் ஆராயப்பட்டிருக்க வேண்டுமெனத் தோன்றும். நடந்தது வேறு. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், கருவுறக்கூடிய வயதுப் பெண்களைப் புதுமருந்துகளின் முதற்கட்டச் சோதனைகளிற் சேர்க்கலாகாதென வழிகாட்டிற்று. கருவிலுள்ள சிசுவைக் காக்கும் நல்லெண்ணமே அதன் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. 1993இல் அத்தடை விலக்கப்பட்டது. அரசாங்கப் பணத்தில் நடைபெறும் வைத்திய ஆராய்ச்சிகளிற் பெண்களைச் சேர்த்தே ஆகவேண்டுமென்ற சட்டமும் அவ்வாண்டில் வந்தது. ஆனால் சட்டம் வந்தவுடன் வழக்கம் மாறிவிடுமா?

பவ்லொவின் நகரில்

இக்கேள்விகளை மனிதரிடையே வைத்து ஆராயத் தகுந்த களமாக அமைந்த ஊர்களுள் ஒன்று, முன்னர் லெனின்கிராட் என வழங்கிய சென் பீற்றர்ஸ்பேர்க். நாயையும் மணியோசையையும் கொண்டு உலகறிந்தவரான இவான் பவ்லொவ் வாழ்ந்த நகரம் அது. அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது நாயின் பழக்கத்தை ஆராய்ந்ததற்காகவன்று. உணவு சமிக்கும் விதத்தை ஆராய்ந்ததற்காகவே. அவர் பெயரைத் தாங்கிய வைத்தியச் சர்வகலாசாலை, பொஸ்டன் ஆராய்ச்சியாளரோடு கூடி, எச்.ஐ.வி. வைரசுடன் வாழ்ந்து மிகுதியாகக் குடிப்போரைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கின்றது.

உருசியாவில் இந்நோய் 1990களின் பிற்பகுதியில், ஹெரோயின் ஊசியைப் பகிர்ந்துகொண்டோரிடையே காட்டுத்தீப்போற் பரவியது. முதலில் நோயுற்றோர் பெரும்பாலும் இளைஞர். பின்னர் அவர்தம் மனைவியரும் துணைவியரும். குடிப்பழக்கம் முன்னரே ஆழ வேரூன்றிய நாடு அது. அங்கே 254 பேருக்கு 18 மாதம் நாகச் சத்து கொடுத்துப் பார்த்தனர். நாகச் சத்து குடலின் வேலியை இறுக்க வல்லது. குடியரிடம் அது குறைந்திருப்பதும் உண்டு. எண்ணம் நல்லதே, ஆனால் மரண அபாயத்தைக் குறிக்கும் அளவீட்டில் நாகம் உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 2020இல் அறிவித்தனர். மற்றொரு சோதனையில் குடியும் புகைத்தலும் ஒருங்கேயுடைய 400 பேருக்கு, புகைத்தலை விடுவிக்கும் மருந்துகள் குடியையும் குறைக்குமோ எனப் பார்த்தனர். எந்த மருந்தை உண்டவரும் குடியைக் குறைத்தனர். ஒரு மருந்து மற்றொன்றை வெல்லவில்லை. அந்த 400 பேரில் மூன்றிலொரு பங்கினர் அளவே பெண்கள்.

இத்தகையோரின் மலத்தை ஆராய்ந்து, ஆணின் குடலில் இன்ன பற்றீரியா கூடியது, பெண்ணின் குடலில் இன்னது குறைந்தது என்று ஒருவர் கூறினால், உடனே அதனைப் பாலின் வேற்றுமை என்று முடிவு கட்டிவிடலாமா? ஆகாது என்பதற்கு ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரம் ஒரு பாடம் கற்பித்தது. எச்.ஐ.வி. உடையோரின் குடலிற் பிரெவோட்டெல்லா என்னும் இனம் பெருகிப் பக்டீரொயிடிஸ் என்னும் இனம் அருகுகின்றது எனப் பல ஆய்வுகள் கூறிவந்தன. வைரசின் வேலை இதுவென்றே எல்லாரும் நம்பினர். 2016இல் பார்சிலோனா ஆராய்ச்சியாளர் இதனை வேறு கோணத்திற் பகுத்துப் பார்த்தனர். ஆணோடு உறவுகொள்ளும் ஆடவரின் குடலில், வைரசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிரெவோட்டெல்லா பெருகியிருந்தது. பிற ஆடவரிடமும் பெண்களிடமும், வைரசு இருந்தபோதிலும், அவ்வாறு பெருகவில்லை. முன்னைய ஆய்வுகளில் நோயாளராகச் சேர்க்கப்பட்டோரிற் பெருந்தொகையினர் முதல் வகையினராய் இருந்தமையால், அவர் வாழ்க்கைமுறையின் அடையாளம் வைரசின் தலையிற் சுமத்தப்பட்டிருந்தது! வைரசின் மெய்யான அடையாளமாக எஞ்சியது, குடலுயிர்களின் இனவளம் குன்றுதலே.

சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் இத்தகைய கண்ணிகள் பல உண்டு. அங்கே ஊசிமூலம் நோயுற்றோரிற் பலர்க்கு ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் சீ நோயும் உண்டு. புகைத்தலும் குடலுயிர்களை மாற்றும், உணவும் மாற்றும், மருந்துகளும் மாற்றும். இவை ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

எல்லாவற்றினும் பெரிய கண்ணி, ‘மிகுதியாகக் குடிப்போர்’ என்ற சொல்லிலேயே இருக்கின்றது. ஒரே நாளில் ஐந்து கிண்ணமும் அதற்கு மேலும் அருந்தும் ஆடவன் அவ்வகையிற் சேர்வான். பெண்ணாயின் நான்கு கிண்ணமே போதும். பெண்ணுடலின் இயல்பைக் கருதி வகுத்த நியாயமான எல்லை இது. ஆனால் இருவரையும் ஒரே பெயரால் அழைத்து அவர்தம் குடல்களை ஒப்பிடும்போது, உண்மையில் நாம் ஒப்பிடுவது ஐந்து கிண்ணத்தையும் நான்கு கிண்ணத்தையும் என்பதை மறந்துவிடுகின்றோம். பெண்ணின் குடலிற் கேடு குறைவாகத் தோன்றினால், அவள் குறைவாகக் குடித்ததே காரணமாயிருக்கலாம். கேடு சமமாகத் தோன்றினாலோ, குறைந்த குடியே அவளுக்குச் சமமான கேட்டை விளைத்தது என்று கொள்ளல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாத ஆய்வு, எத்துணைப் பெரிய இயந்திரங்களைக் கொண்டு நடத்தப்பட்டாலும், நம்மைத் தெளிவிக்காது.

போதாததற்கு, குடிப்போர் சொல்லும் கணக்கும் உண்மையாய் இருப்பதில்லை. சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நடந்தவற்றோடு இணைந்த ஆய்வுகள் உகண்டா நாட்டின் ம்பராராவிலும் நடைபெற்றன. அங்கே இரத்தத்திலுள்ள ஒரு பொருளைச் சோதித்தனர். சென்ற இரண்டு மூன்று வாரங்களிற் குடித்த மதுவின் சுவடு அதிலே பதிந்திருக்கும். குடிக்கவேயில்லை என்று கூறிய பலரின் இரத்தம் வேறு கதை கூறிற்று. வைத்தியர் கடிந்துகொள்வார், மருந்தை நிறுத்திவிடுவார் என்ற அச்சமே அவர்களைப் பொய் கூற வைக்கின்றது. குடிக்கும் ஆணை எள்ளி நகையாடி விட்டுவிடும் ஊர், குடிக்கும் பெண்ணை அவ்வாறு விட்டுவிடுவதில்லை. எயிட்ஸ் நோயும் அவளுக்கு இருக்குமாயின், அவள் வாய் திறப்பாள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

மருந்தும் மதுவும்

குடலுயிர்களைப் பற்றிய இவ்வழக்கு முடியுமட்டும் நோயாளர் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் அற்லான்ரா நகரில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரிடையே நடந்த ஆய்வுகள் ஒரு வழக்கத்தை வெளிப்படுத்தின. மதுவோடு மாத்திரை கலந்தால் நஞ்சாகிவிடும் என்று அஞ்சி, குடிக்கும் நாளில் வேண்டுமென்றே மாத்திரையை விட்டுவிடுவோர் அங்கே பலர். மயக்கத்தில் மறந்துவிடுவதன்று இது; முன்யோசனையோடு, நன்மையெனக் கருதியே செய்வது. சிலருக்கு இவ்வச்சத்தை ஊட்டியவர் வைத்தியசாலை ஊழியராகவே இருத்தலுங் கூடும். ‘குடித்தால் மாத்திரை போடாதே’ என்ற எச்சரிக்கையை, ‘குடிக்காதே’ என்று கேளாமல், ‘மாத்திரையை விடு’ என்று கேட்டுவிடுகின்றனர்.

மாத்திரை விட்டுப்போகுமாயின் வைரசு மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வடிவங்களும் தோன்றலாம். பெருகிய வைரசு முதலில் நாடுவது எவ்விடத்தையென்று மேலே கூறினோம். மது தளர்த்திய வேலியை அந்நாளில் வைரசும் சேர்ந்து தாக்குகின்றது. ஆதலின் இந்நோய்க்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியர்கள், குடியைக் குறைக்குமாறும் விடுமாறும் நோயாளருக்கு உதவுவதோடு, குடித்துவிட்ட நாளிலும் மாத்திரையைத் தவறவிடலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்விடயத்தில் வேறுபாடில்லை.